பள்ளியிலேயே கல்லூரி ஆங்கிலம்: ஏபி படிப்புகள் இரண்டும் எப்படி வேறுபடுகின்றன?

அமெரிக்காவில் கல்லூரி முதலாண்டுத் தரத்திலான பாடங்களை உயர்நிலைப் பள்ளியிலேயே பயில வழிசெய்வது 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' திட்டமாகும். சுருக்கமாக 'ஏபி' எனப்படும் இதனை, எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பு 1955-ஆம் ஆண்டு முதல் நிர்வகித்து வருகிறது.

தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு ஒரே தேர்வுதான் இருந்தது. 1980-இல் அது இரண்டாகப் பிரிந்தது. 'ஆங்கில மொழியும் கட்டுரையாக்கமும்', 'ஆங்கில இலக்கியமும் கட்டுரையாக்கமும்' என இரு பெயர்களிலும் கட்டுரையாக்கம் இடம்பெறுவதால் குழப்பம் எழுவது இயல்பே. வேறுபாடு வாசிக்கும் நூல்களில்தான் உள்ளது. முன்னது உரைகள், கடிதங்கள், இதழியல் கட்டுரைகள் போன்ற புனைவல்லாத எழுத்தைக் கொண்டது. பின்னது கவிதை, சிறுகதை, புதினம், நாடகம் ஆகியவற்றைக் கொண்டது.

மொழித் தேர்வில் 45 கொள்குறி வினாக்களுக்கு ஒரு மணி நேரமும், மூன்று கட்டுரைகளுக்கு 2 மணி 15 நிமிடங்களும் வழங்கப்படுகின்றன. ஒரு கட்டுரைக்கு ஆறு ஆதாரங்கள் தரப்படும்; அவற்றில் குறைந்தது மூன்றையேனும் பயன்படுத்தி மாணவர் தம் வாதத்தை நிறுவ வேண்டும். மற்றொன்று, ஓர் எழுத்தாளர் தம் கருத்தை வாசகரிடம் எவ்வாறு ஏற்கச் செய்கிறார் என்பதை ஆராய்வது. மூன்றாவது, மாணவரின் சொந்த நிலைப்பாட்டை வாதிடுவது. இலக்கியத் தேர்விலும் மூன்று கட்டுரைகளே: கவிதை ஆய்வு, புனைவு உரைநடை ஆய்வு, மாணவர் தாமே தேர்ந்தெடுக்கும் படைப்பைப் பற்றிய வாதம். இரு தேர்வுகளிலும் மொத்த மதிப்பெண்ணில் 55 சதவீதம் கட்டுரைகளுக்கு உரியது.

சிபிஎஸ்இ 12-ஆம் வகுப்பு ஆங்கிலத்தில் 'ஃபிளமிங்கோ', 'விஸ்டாஸ்' என்ற பாடநூல்கள் விதிக்கப்பட்டுள்ளன. ஏபியில் அத்தகைய கட்டாய நூற்பட்டியல் இல்லை. ஆசிரியரே நூல்களைத் தெரிவு செய்கிறார். தேர்வில் வரும் பகுதிகளை மாணவர் முன்பே படித்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது. ஆகவே மனப்பாடம் இங்கு ஏறக்குறைய பயனற்றது. கட்டுரை ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளிகள்: மையக் கருத்துக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4, நுட்பமான சிந்தனைக்கு 1. கதைச்சுருக்கத்தை மட்டும் எழுதுவோர் பெரும்பாலும் சறுக்குவது அந்த 4 புள்ளிகளில்தான்.

தேர்வுகள் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறுகின்றன. 2025 முதல் ஆங்கிலத் தேர்வுகள் 'புளூபுக்' செயலி வழியாகக் கணினியில் எழுதப்படுகின்றன. முடிவுகள் 1 முதல் 5 வரையிலான அளவில் ஜூலையில் வெளியாகின்றன. இந்தியாவிலும் இத்தேர்வுகளை எழுத முடியும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. தேர்ச்சி பெற்றால் கல்லூரியில் ஒரு பாடத்தையும் அதற்கான கட்டணத்தையும் தவிர்க்கலாம் என்ற எதிர்பார்ப்பு எல்லா இடத்திலும் நிறைவேறுவதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 3 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண்ணுக்குக் கிரெடிட் வழங்குகிறது. ஆயினும் இரு ஆங்கிலத் தேர்வுகளையும் எழுதியவருக்கு அது இரட்டிப்பாவதில்லை. பல கல்லூரிகள் 4 அல்லது 5 கேட்கின்றன. டார்ட்மத் கல்லூரியோ, 2014-இல் சேர்ந்த மாணவர்கள் முதல் பட்டத்துக்கான ஏபி கிரெடிட்டையே நிறுத்திவிட்டது. உயர்நிலைப் பாடத்தில் நேரடியாகச் சேர்வதற்கு மட்டும் மதிப்பெண்ணைக் கருத்தில் கொள்கிறது. விண்ணப்பிக்கவிருக்கும் கல்லூரியின் விதியை, தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.