கொங்கு வானத்துத் தூமகேதுக்கள்

தூமகேது என்னும் வால்நட்சத்திரத்தைப் பார்க்கக் கருவி வேண்டும் என்ற எண்ணம் கொங்கு நாட்டுக்கு மிகச் சமீப காலத்தில் வந்தது. பைக்காரா மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியிலிருந்து கோயம்புத்தூருக்கு இறங்கி வருவதற்கு முன்பு, இந்நாட்டுக் குடியானவன் பின்னிரவிலேயே எழுந்து, எருதுகளைக் கவலை என்னும் நீரிறைப்பில் பூட்டி, வெயில் ஏறுமுன் தோட்டத்துக்கு நீர் இறைத்து முடித்துவிடுவது வழக்கம். வாரி என்ற சரிவுப் பாதையில் முன்னும் பின்னுமாக நடக்கும் எருதுகளோடு தானும் நடந்துகொண்டு, விடிவெள்ளி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அடிக்கடி கிழக்கே நோக்கிப் பொழுதைக் கணித்த அந்த மனிதனுடைய கண்ணில் படாமல், கீழ்வானத்தில் எந்தத் தூமகேதுவும் உதித்திருக்க முடியாது. சூரியனை நெருங்கும்போதுதான் தூமகேது பிரகாசம் அடைகிறது. ஆகவே அது பெரும்பாலும் சூரியோதயத்துக்குச் சற்று முன்போ, அஸ்தமனத்துக்குச் சற்றுப் பின்போதான் தன் முழு வடிவையும் காட்டும். கவலை இறைக்கும் நேரமும் தூமகேது தோன்றும் நேரமும் ஒன்றாக அமைந்தது இந்நாட்டு விவசாயிக்கு வாய்த்த பாக்கியம் என்றே நான் கருதுகிறேன்.

1882-ஆம் வருஷத்து மகா தூமகேது அப்படிப்பட்டது. செப்டம்பர் 17-ஆம் தேதி சூரியனை உராய்வதுபோல் சுற்றி, பட்டப்பகலில் சூரியனுக்கு அருகிலேயே கண்ணுக்குத் தெரிந்த அது, அதன்பின் புரட்டாசி, ஐப்பசி மாதங்களின் விடியற்காலங்களில் தென்கிழக்கே நீண்ட வாலோடு நின்றது. 1910-இலோ ஒரே வருஷத்தில் இரண்டு வந்தன. ஜனவரியில் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் முதலில் கண்ட ஒன்று மாலை வானத்தில் தோன்றி மறைந்தது. சித்திரை, வைகாசியில் ஹாலி வந்தது. மே மாதம் பூமி அதன் வாலினூடே கடந்து செல்லும் என்று கணக்கிட்ட மேனாட்டு வானசாஸ்திரிகள், அந்த வாலில் விஷவாயு ஒன்று இருப்பதையும் ஒளிப்பகுப்பினால் கண்டறிந்திருந்தபடியால், உலகெங்கும் பீதி பரவியது. ஆனால் அந்த வாயு சூனியத்துக்குச் சமமான அளவு மெல்லியது. பூமிக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. புதுச்சேரியில் இருந்த பாரதியார் ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்ற பாடலை இயற்றியது இதைக் குறித்துத்தான். பழநி மலைத்தொடரின் உச்சியில் 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தார் அதே ஹாலியைப் புகைப்படத் தகடுகளில் பதித்தார்கள். மலைமேல் கண்ணாடித் தகடும், அடிவாரத்துத் தாராபுரம், உடுமலைச் சீமைகளில் குடியானவனின் வெறுங்கண்ணும் ஒரே விடியலில் ஒரே பொருளை நோக்கியிருந்தன.

கருவி கொண்டு தூமகேதுவைத் தேடும் பிரயாசை அன்றைய சென்னை மாகாணத்தில் அதற்கும் முந்தியது. சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த நார்மன் போக்சனுக்கு 1872 நவம்பர் கடைசியில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்திலிருந்து கிளிங்கர்ஃபியூஸ் என்ற வானசாஸ்திரி ஒரு தந்தி அனுப்பினார். 1846-இல் இரண்டாகப் பிளந்து, 1852-க்குப் பின் காணாமற்போன பீலா தூமகேது நவம்பர் 27-ஆம் தேதி பூமியைத் தொட்டுச் சென்றிருக்கிறது, தெற்கே சென்டாரஸ் மண்டலத்தில் தேடுக என்பது அதன் சாராம்சம். அந்த 27-ஆம் தேதி இரவில் ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாகப் பொழிந்திருந்ததே அவர் அப்படி எண்ணியதற்குக் காரணம். கார்த்திகை மாதத்து மேகங்கள் கலைந்த சிறு இடைவெளியில், டிசம்பர் தொடக்கத்து இரண்டு விடியற்காலங்களில், போக்சன் மெய்யாகவே ஒரு தூமகேதுவைக் கண்டார். பிறகு வானம் மூடிக்கொண்டது. அவர் கண்டது பீலா அன்று, தற்செயலாக அத்திசையில் இருந்த வேறொன்று என்று பிற்காலத்துக் கணிதம் தீர்ப்புச் சொன்னது. ஆயினும் தந்தி வந்த சில நாட்களுக்குள், மழைக்கால வானத்தில், சொன்ன இடத்தில் ஒரு தூமகேதுவைப் பிடித்த அந்த ஊக்கத்துக்காகவே நான் அவரை வணங்குவேன்.

மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின, கிணறுகளில் மோட்டார் பம்புகள் அமர்ந்தன. சுவிட்சைத் தட்டிவிட்டு உறங்கலாம் என்று ஆனபோது விடியற்காலக் காவல் தானாகவே நின்றுபோயிற்று. வீதி விளக்குகளின் ஒளியோ எஞ்சியிருந்த இருட்டையும் மெல்லத் தின்றது. இந்த இழப்பு 1986-இல் வெளிப்பட்டது. ஹாலி மீண்டும் வந்து, ஏப்ரல் 11-ஆம் தேதி பூமிக்கு மிக அண்மையில் நின்றபோது, அது தெற்கே வெகு தூரம் சரிந்திருந்தபடியால் லண்டனில் உதிக்கவே இல்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகையில் இருக்கும் கோயம்புத்தூரிலோ தென்வானத்தில் 32 பாகை உயரம் வரை ஏறிற்று. இத்தனை அநுகூலம் இருந்தும், ஊரின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் புலப்படவில்லை. 1949-இல் ஹார்வர்டில் மாணவராயிருந்தபோதே ஒரு தூமகேதுவைக் கண்டு அதற்குத் தம் பெயரும் வழங்கப்பெற்ற வானசாஸ்திரி வைணு பாப்பு, வானாய்வுக்கூடத்துக்கு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்ததற்கு, வடவானம், தென்வானம் இரண்டும் அங்கிருந்து எட்டும் என்பது ஒரு காரணம். காவலூருக்கும் தெற்கே இருக்கும் நமக்குத் தென்வானம் இன்னும் சற்று அதிகமாகவே எட்டும். குறைந்துபோனது இருட்டு ஒன்றுதான்.

அந்தக் குறையை ஒருவாறு ஈடுசெய்யவே பைனாகுலர் புழக்கடைக்கு வந்தது. பத்து மடங்கு பெருக்கமும் ஐம்பது மில்லிமீட்டர் வில்லையும் உடைய சாதாரணப் பைனாகுலர், இருட்டில் அகல விரிந்த கண்மணியைவிடச் சுமார் ஐம்பது மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. தூமகேது மங்கிப் பரந்த பொருளாதலால், அதிகப் பெருக்கம் அதனைக் கலைத்துவிடும். குறைந்த பெருக்கமும் அகன்ற பார்வையுமே அதற்கு ஏற்றவை. நேராக உற்று நோக்காமல் சற்றே ஒதுங்கலாக, ஓரக்கண்ணால் பார்க்கவேண்டும். அப்போது சாம்பல் நிறப் புகைத்திட்டு ஒன்று மெல்லத் திரண்டு, நடுவில் செறிந்து, சூரியனுக்கு எதிர்த்திசையில் நீள்வது தெரியும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி நோக்கினால், அருகிலுள்ள நட்சத்திரங்களுக்கிடையே அது சிறிது நகர்ந்திருப்பதையும் சில வேளை காணலாம். அந்த நகர்வைத் தானே கண்டவனுக்கு வானம் அதற்குப் பிறகு வெறும் அலங்காரமாகத் தோன்றுவதில்லை.

தொலைநோக்கியை வீட்டிலேயே செய்துகொள்வதும் முடியும். ஆறு அங்குலக் கண்ணாடி வட்டுகள் இரண்டினிடையே கார்பொரண்டம் பொடியும் நீரும் இட்டு, மேல்வட்டை முன்னும் பின்னும் தள்ளி, அவற்றைத் தாங்கும் பீப்பாயைச் சுற்றித் தானும் நடந்து தேய்த்துக்கொண்டே வந்தால், மேல்வட்டு குழிகிறது. முடிந்தபின் அந்தக் குழியின் ஆழம் ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர். ஆனால் பரப்பில் இருக்கக்கூடிய பிழையோ ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கவேண்டும். இப்படித் தம் கையால் செய்த தொலைநோக்கியைக் கொண்டு, ஜப்பானில் பியானோத் தொழிற்சாலையில் வேலை செய்துவந்த காவோரு இகேயா என்னும் இளைஞர் 1963-இல் ஒரு தூமகேதுவைக் கண்டார். 1965-இல் அவரும் சேகி என்பவரும் தனித்தனியே கண்ட மற்றொன்று அந்த அக்டோபரில் பட்டப்பகலிலும் தெரியும் அளவுக்குப் பிரகாசித்தது. லேத்துப் பட்டறையும் வார்ப்படச் சாலையும் தெருத்தோறும் உள்ள கோவையின் பீளமேடும் கணபதியும் கைத்திறனில் அந்த ஜப்பானியத் தொழிலாளிக்குச் சற்றும் இளைத்தவை அல்ல என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இடத்தைத் தேர்வதிலும் ஒரு விவேகம் வேண்டும். கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியும் மருதமலையும் எழுந்து நிற்பதால், அந்திவானத் தூமகேது இங்கே சீக்கிரமே மலைக்குப் பின் மறைந்துவிடும். 1997 ஏப்ரலில் ஹேல்-பாப் தூமகேதுவோ வடமேற்கே மலைகளைத் தாண்டி உயர நின்று, அதனால் ஊராருக்கெல்லாம் தரிசனம் தந்தது. 2024 செப்டம்பர் இறுதியில் விடியற்கீழ்வானில் வந்த சுசின்ஷான்-அட்லஸுக்கு, தடையற்ற சமவெளியான சூலூர், பல்லடம் திசையே உகந்ததாயிற்று. ஹாலி அடுத்தபடியாகச் சூரியனை நெருங்கப்போவது 2061 ஜூலை 28. தென்மேற்குப் பருவ மேகங்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவையை மூடும் மாதம் அது. அப்போது இருக்கப்போகிறவர்கள் கோவையில் காத்திராமல், மழைமறைவில் கிடக்கும் காங்கேயம், மூலனூர் பக்கத்து மேட்டுக்காடுகளுக்குப் பைனாகுலரோடு போய்விடுவது நல்லது.