கண்ணாடி மறைத்த கைகள்: கடல்நீர்த் தொட்டியின் வரலாறு குறித்து

கடலைப் பக்கவாட்டில் பார்ப்பது மனிதனுக்குப் புதிய பழக்கம். கரையில் நின்றோ படகிலிருந்து குனிந்தோ மேலிருந்து பார்த்ததுதான் நெடுங்கால வழக்கம். முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் மூச்சுப் பிடிக்கிற நேரத்துக்குள் மீனை மீனின் மட்டத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவான கடல்நீர்க் கண்ணாடித் தொட்டி, அந்தப் பார்வையை வசதியுள்ளவர்களின் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. நாற்காலியில் சாய்ந்தபடி, உடம்பு நனையாமல் கடலுக்குள் பார்க்கலாம். இந்த ஏற்பாட்டில் கண்ணாடி எதைக் காட்டியது என்பது எல்லாருக்கும் தெரியும். எதை மறைத்தது என்பதுதான் நம் கேள்வி.

1846-இல் அன்னா தைன் என்ற சீமாட்டி, டார்க்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோய் வளர்த்தார். தேங்கிய கடல்நீரில் உயிர் நிற்காது. காற்று கலந்தாக வேண்டும். அதற்கு அவர் கண்ட வழி எளிமையானது. ஒரு பணிப்பெண் தினமும் திறந்த ஜன்னலருகே நின்று, நம்மூரில் டீ ஆற்றுகிற மாதிரி, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஊற்றி ஆற்ற வேண்டும். அடுத்த ஆண்டு கடற்பாசியைச் சேர்த்துப் பார்த்தார். தொட்டியின் வரலாற்றில் தைன் இடம்பெறுகிறார். ஆற்றிய பெண் ‘பணிப்பெண்’ணாகவே நின்றுவிடுகிறாள். இந்த வரலாற்றின் முதல் ஏர்பம்ப் ஒரு பெண்ணின் கை என்பதை மறந்துவிட்டு மேலே போக முடியாது.

1845-இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது, கண்ணாடி மலிவானது. 1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் மீன், நீர்த்தாவரம், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் நன்னீர்த் தொட்டியை விளக்கினார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் வீடு திறக்கப்பட்டது. அதற்கு உயிர்களைச் சேகரித்துத் தந்தவர்களில் ஒருவரான பிலிப் ஹென்றி காஸ் 1854-இல் வெளியிட்ட புத்தகம் கடல்நீர்த் தொட்டியை ஒரு மோகமாகவே ஆக்கியது. கூடையும் உளியுமாகக் கூட்டம் கடற்கரைக்குக் கிளம்பியது. கடல் வற்றும்போது பாறைகளுக்கிடையே தேங்கும் குட்டைகளைச் சுரண்டி எடுத்தார்கள். கொண்டுபோனவற்றில் பெரும்பகுதி செத்தது. செத்ததற்குப் பதில் மறுபடி கொண்டுவந்தார்கள். காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் எழுதிய தன்வரலாற்றில், அப்பாவோடு தான் பார்த்த பாறைக் குட்டைகள் சேகரிப்பவர்களின் படையெடுப்பில் சூறையாடப்பட்டதைச் சொல்லி வருந்துகிறார். கடலின் மீதான அன்பைப் பரப்பிய புத்தகமே கரையை வெறுமையாக்கும் வழியைத் திறந்துவிட்டது. இதை வெறும் தனிமனித முரணாகக் கொள்வது போதாது. பார்வை உடைமையாக மாறுகிற இடம் இதுதான்.

மோகம் சில ஆண்டுகளில் வடிந்தது. தொட்டியைக் காப்பாற்றுகிற வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது என்பதைச் சிலர்தான் புரிந்துகொண்டார்கள். வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட் 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அமைத்த காட்சியகத்தில், பார்வையாளர் காணும் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கம் தரைக்கடியில் இருட்டில் இருந்தது. அங்கிருந்துதான் நீர் சுற்றி வந்தது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டினார். 1961-இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிருள்ள பவளமும் பாறையும் சூரிய வெளிச்சமும் காற்றுக் குமிழும் மட்டுமே வைத்துத் தொட்டி நடத்தியதை ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். கடலிலிருந்து எடுத்த கல்லில் வாழும் நுண்ணுயிர்களே வடிகட்டி என்பது அவர் முறையின் சாரம். மேலை நாட்டுப் பொழுதுபோக்காளர்கள் இதை உள்வாங்கிக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இன்று பொறுப்போடு தொட்டி வைப்பவர் முதலில் செய்வது மீன் வாங்குவதை அல்ல. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, நிலையான வெப்பம், பாக்டீரியா பெருகும்வரை மீனில்லாத சில வாரக் காத்திருப்பு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தபின் ஒவ்வொன்றாக மீன். சின்னத் தொட்டி சுலபம் என்று கடைக்காரர் சொல்வார். உண்மை தலைகீழ். நீர் குறையக் குறைய ஒரு சிறு தவறும் விஷமாகிறது. இந்தக் காத்திருப்பு சந்தைக்குப் பிடிக்காதது.

விமானமும் பிளாஸ்டிக் பையும் வந்தபின் சூறையாடல் வேறு கடலுக்கு இடம்பெயர்ந்தது. 1960-களிலிருந்து பிலிப்பைன்ஸில் அலங்கார மீன் பிடிக்க சயனைடு புகுந்தது. மாத்திரையைக் கரைத்துப் பாட்டிலில் அடைத்து, பவள இடுக்கில் ஒளியும் மீன் மேல் பீய்ச்சுவார்கள். மீன் மயங்கும், பவளம் சாகும். பிழைத்த மீனின் உள்ளுறுப்புகள் கெட்டு, வாங்கியவர் வீட்டில் சில நாளிலோ வாரத்திலோ அது சாகும். வாங்கியவர் தன் தண்ணீரைத்தான் சந்தேகிப்பார், இன்னொன்று வாங்குவார். சட்டம் 1975-லேயே தடுத்தும் பழக்கம் நிற்கவில்லை. மூழ்குபவர் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார். மூட்டு முடங்கும் ஆபத்து அவருக்கு, லாபத்தின் பெரும்பங்கு இடைத்தரகருக்கும் ஏற்றுமதியாளருக்கும். பணிப்பெண்ணின் கை இருந்த இடத்தில் இப்போது இவருடைய கை.

2003-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கையொன்று, ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி வரை கடல் அலங்கார மீன்கள், 1,471 வகைகள், விற்கப்படுவதாகக் கணித்தது. நன்னீர் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களில் மிகப் பெரும்பகுதி இன்றும் பவளப்பாறையிலிருந்து பிடிக்கப்படுபவை. எந்த மீனைத் தேர்வது என்ற கேள்வி இங்கேதான் அரசியலாகிறது. மற்ற மீன்களின் மேல் ஒட்டுண்ணி பொறுக்கித் தின்கிற ‘கிளீனர் ராஸ்’ தொட்டியில் எதைத் தின்னும்? உயிருள்ள நுண்ணிறால்களைத் தேடித் தேடிக் கொறிக்கிற மாண்டரின் மீன், பவளத்தையே தின்று வாழும் சிலவகை வண்ணத்துப்பூச்சி மீன்கள் — இவை கண்ணெதிரே மெல்லப் பட்டினியால் சாகும். உள்ளங்கையளவு குட்டியாக வாங்கும் களவா வளர்ந்தால் தொட்டி கொள்ளாது. வளர்ந்ததைக் கடலில் விடுவதோ இன்னொரு வன்முறை. பசிபிக் பகுதியின் சிங்க மீன் 1985-இல் ஃப்ளோரிடா கரையில் முதலில் காணப்பட்டு இன்று கரீபியன் முழுக்கப் பரவியிருக்கிறது. தொட்டிக்காரர்கள் விட்டதே காரணம் என்று கருதப்படுகிறது.

அப்போ தொட்டியில் நன்றாக வாழ்கிற மீனை வாங்கினா போதுமா? பாங்காய் கார்டினல் இதற்குப் பதில் சொல்கிறது. சுலவேசிக்குக் கிழக்கே ஒரு சிறு தீவுக் கூட்டம்தான் இதன் உலகம். 1933-இல் விவரிக்கப்பட்டு, மறக்கப்பட்டு, 1990-களின் நடுவில் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. தந்தை முட்டைகளை வாயில் அடைகாக்கும். குஞ்சு வளர்ந்த மீனின் சிறுவடிவமாகவே வெளிவரும். தொட்டிக்கு மிகப் பொருத்தமான மீன், அங்கேயே குட்டி போடவும் செய்யும். ஆனால் இதே குணம் அதற்கு வினையானது. குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பரவாததால், ஓரிடத்தில் துடைத்தெடுத்தால் வேறிடத்திலிருந்து வந்து நிரம்ப வழியில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டு வியாபாரத்துக்குப் பின் 2007-இல் அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. தொட்டிக்குப் பொருந்துவது ஒன்று, கடலுக்குப் பொருந்துவது இன்னொன்று. முதலாவதை மட்டும் சொல்கிற கையேடுகள் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன.

நம் கரைக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. மெரினாவில் 1909-இல் திறந்த கடல் மீன்காட்சியகம் 1942-இல் போர்ப் பயத்தில் மூடப்பட்டது. 2001-இல் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. மன்னார் வளைகுடாவில் கடல் அட்டை குளித்து வாழ்ந்தவர்கள் ஒரே அறிவிப்பில் குற்றவாளிகளானார்கள். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆய்வு மையங்கள் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தன. பண்ணையில் பிறந்த கோமாளி மீன், கடற்சாமந்தி இல்லாமலும் வாழும். கொடுக்கும் தீனியை எடுக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல தேர்வு குறைவு.

இதோடு கதை முடிந்ததா? பண்ணை மீன் ஒவ்வொன்றும் ஒரு கரையோர மீனவரின் வருமானத்தைப் பறிக்கிறது என்ற வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. வலையால் பிடிக்கப் பழகி, அளவோடு எடுத்து, நல்ல விலை பெறும் மீனவருக்குத் தன் பவளப்பாறையைக் காக்க ஒரு காரணம் இருக்கிறது. அவரைத் தடையால் விரட்டினால் அந்த இடத்துக்குச் சயனைடும் வரலாம், சுண்ணாம்புக்குப் பவளம் வெட்டுபவரும் வரலாம். ஆகவே கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு: இது எங்கே பிறந்தது? பண்ணையிலா, கடலிலா? கடலில் என்றால் எதால் பிடித்தார்கள், பிடித்தவருக்கு என்ன கிடைத்தது? பதில் வராத மீனைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு வரலாம். கேட்பவர்கள் பெருகினால் கடைக்காரரும் தன் தரகரிடம் கேட்டாக வேண்டியிருக்கும்.