வீட்டுக் கழிவுநீரிலேயே பூக்கும் கல்வாழை... வளர்ப்பது எப்படி? குளத்தில் நடலாமா?

உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம்... கோவையில் பல குளங்களிலும் அள்ள அள்ள முளைக்கிறது ஆகாயத்தாமரை. அதற்குத் தீனி, கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான். பல வீடுகளில் பாத்திரம் கழுவுற தண்ணி, குளிக்கிற தண்ணி எல்லாம் சாக்கடை வழியாக நொய்யல் பாசனக் குளங்களுக்கே போய்ச் சேர்கிறது. அதில் கொஞ்சத்தையாவது வாசல் தாண்டாமல் நிறுத்த உதவும் செடி, கல்வாழை.

கல்வாழை என்றால் என்ன?

வாழை போன்ற இலை, இடுப்பளவு முதல் ஆள் உயரம் வரை வளர்ச்சி, சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறப் பூக்கள். நாம் இதழ் என்று நினைப்பது, உண்மையில் உருமாறிய மகரந்தத் தாள்கள். கருப்பு விதை கல் மாதிரி கெட்டியாக இருக்கும். அறிவியல் பெயர் 'கன்னா இண்டிகா' என்றாலும், இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள்.

தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்கிறது?

சேற்றிலும் அழுகாத வேர் இதன் பலம். வேரிலும் ஜல்லியிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. அப்போது வெளிவரும் சத்துகளைச் செடி உறிஞ்சிக்கொள்கிறது.

வளர்ப்பது எப்படி?

* நல்ல வெயில் படும் இடத்தில், கிணறு, போர்வெல்லில் இருந்து தள்ளி, சுமார் 2 அடி ஆழத்தில் குழி எடுக்கவும்.
* அடியில் பெரிய ஜல்லி, மேலே சிறு ஜல்லி, மணல் என நிரப்பவும்.
* 2, 3 முளை உள்ள கிழங்குத் துண்டுகளை ஒன்றரை அடி இடைவெளியில் நடவும்.
* குழாய் வாயில் சல்லடை வைக்கவும். சோத்துப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளே போனால் குழி அடைத்துக்கொள்ளும்.
* பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால் புதுத் தண்டு வரும். நெருக்கமானால் கிழங்கைப் பிரித்து நடலாம்.
* கழிப்பறைத் தண்ணீரை விடவே கூடாது. பிளீச்சிங் பவுடர், ஆசிட் கலந்த தண்ணீரும் வேண்டாம்.

கொசு வருமா?

தண்ணீர் ஜல்லிக்கு மேலே தேங்கினால் நிச்சயம் வரும். எப்போதும் ஜல்லி மட்டத்துக்குக் கீழேயே தண்ணீர் நிற்க வேண்டும். நிரம்பி வழிந்தால் குழி போதவில்லை என்று அர்த்தம்.

குளத்தில் நடலாமா?

வீட்டுத் தோட்டத்துச் சிறு குளத்தின் ஓரத்தில், தொட்டியோடு இறக்கி வைக்கலாம். செடியின் அடிப்பகுதி அரை அடிக்கு மேல் மூழ்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் ஊர்க் குளங்களில் கொண்டுபோய் நட வேண்டாம். இது கிழங்கு மூலம் பரவும் வெளிநாட்டுச் செடி. குளக்கரைச் சம்பும் கோரையும்தான் நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி போன்ற பறவைகள் ஒளியவும் கூடு கட்டவும் இடம் தருபவை. சிங்காநல்லூர் குளத்தை 2017-ல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி அறிவித்ததும் இப்படிப்பட்ட உயிர்களுக்காகத்தான். ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடிதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

சுத்தமான தண்ணீரைக் குடிக்கலாமா?

கூடாது. தென்னை, வாழை, பூச்செடிகளுக்கு விடலாம். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கும் காய்கறிக்கும் வேண்டாம். ஒரு வீட்டுக் குழியால் குளம் சுத்தமாகிவிடாது. ஆனால் அந்த வீட்டுத் தண்ணீர் குளத்துக்குப் போகாது.