புள்ளியில்லா ஏடும் பொறியின் தேடலும்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் விஜயபுரத்துக் கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் செய்பவன் நான். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஏட்டையும் கல்வெட்டையும் தானாகப் படித்துக்கொண்டவன். 'இவனுக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம்?' என்று அன்பர்கள் கேட்கலாம். ஒரு சின்னப் புள்ளிதான் என்னை இதில் இழுத்துவிட்டது.

கணக்கு, சரக்கு, வாடிக்கையாளர் விலாசம், கடன் பாக்கி எல்லாம் அடங்கிய பெரிய மென்பொருள் ஒன்றைத் தம்பி மகன் கடைக்கு எழுதிக் கொடுத்தான். 'சித்தூர்' என்று தேடினேன். சாத்தூருக்குக் குடிபோய்விட்ட ஒருவரின் பாக்கியும் சேர்ந்து வந்தது. "என்னடா இது, யாருக்குக் கடிதம் போடுறது?" என்றேன். "பெரியப்பா, கணக்கில் தப்பில்லே. உள்ளே இருக்கிற தரவுத்தளத்தைக் கட்டும்போது நான் கவனிக்கலே" என்றான்.

அந்தத் தரவுத்தளத்தின் பெயர் எஸ்க்யூலைட். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஹிப், தனி சர்வர் எதையும் நம்பியிராத தரவுத்தளம் வேண்டுமென்று எழுதியது. 2000 ஆகஸ்டில் வெளிவந்தது. எவரும் காசில்லாமல் எடுத்தாளலாம். இன்று நம் கைப்பேசிகளுக்குள் எல்லாம் இருக்கிறது.

இதை மூல நிரலாக வாங்கித் தம் மென்பொருளோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். கட்டும்போதே 'இது வேண்டும், அது வேண்டாம்' என்று குறித்துவிட வேண்டும். துணியை வெட்டுமுன் தையற்காரரிடம் அளவு சொல்வது போலத்தான். பெரிய மென்பொருள்கள் தமக்கென்றே அளவு கொடுக்கின்றன. பயர்பாக்ஸ், அழித்த பதிவின் தடம் வட்டில் தங்காதபடி சொல்லிக் கட்டுகிறது. தண்டர்பேர்டு 2009இல் தன் 3ஆம் பதிப்பில், சீன, ஜப்பானிய மடல்களும் தேடக் கிடைக்கும்படி தனிச் சொற்பிரிப்பானையே எழுதிச் சேர்த்தது.

நமக்கு என்ன ஆயிற்று? சொல் தேடும் பகுதியான எஃப்.டி.எஸ்.5ஐச் சேர்த்துக் கட்டினால், அதன் வழக்கமான சொற்பிரிப்பான் எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லாகக் கொள்ளும். யூனிகோடு முறையிலோ நம் புள்ளியும் உயிர்க்குறிகளும் 'எழுத்து' வகுப்பில் இல்லை, 'குறி' என்ற வேறு வகுப்பில் இருக்கின்றன. எனவே அவற்றை இடைவெளியாக எண்ணி வெட்டிவிடுகிறது. சித்தூரும் ச, த, த, ர. சாத்தூரும் ச, த, த, ர! தெலுங்குக்கும் இதே கதிதான். குறிகளையும் சொல்லோடு சேர்த்துக்கொள் என்று தேடல் அட்டவணையை உருவாக்கும்போதே ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

அகர வரிசையும் இப்படியே. வழக்கமான கட்டில் யூனிகோடு எண்ணே வரிசை. பக்கத்துக்கு முன்னால் பகல் வரும். பயிருக்கு முன்னால் பனை வரும். நம் அகராதி முறையோ நேர் எதிர். ஐ.சி.யு. என்னும் நூலகத்தைச் சேர்த்துக் கட்டி, தமிழ் வரிசையைக் கேட்டு வாங்க வேண்டும். (ஆஸ்பத்திரி ஐ.சி.யு. அன்று!) சுமை கூடும் என்பதால், கேட்காதவர்க்கு அது தரப்படுவதில்லை.

இது நமக்குப் புதிதா? மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியமே விதித்திருந்தும், ஓலையில் எழுதினோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பர். அத்தகைய ஏடுகளை ஒப்பிட்டுத்தான் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார். ஏட்டில் புள்ளி விடுபட்டாலும், அதை நெஞ்சில் வைத்திருந்தவர்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

பொறிக்கு அப்படி ஒரு நெஞ்சு கிடையாது. கட்டும்போது சொன்னதுதான் அதற்குத் தெரியும். எனவே தமிழ் அறிந்த ஒருவர் கட்டுமிடத்திலேயே உட்கார வேண்டியிருக்கிறது.

பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் கணினி வேலை பார்க்கும் பிள்ளை இல்லாத வீடு அரிது. அவர்களுக்கு இந்தக் கிழவனின் வேண்டுகோள் இதுதான்: நீங்கள் கட்டும் மென்பொருளை வெளியே அனுப்புமுன் உங்கள் சொந்த ஊர்ப் பெயரை அதில் தமிழில் தேடிப் பாருங்கள். வேறு ஊர் வந்தால், புள்ளியைத் தேடுங்கள்.