வரி வாங்கும் கையும் தீர்ப்பு எழுதும் கையும்

பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் பாறசாலை விவசாயிக்கு வரம்புத் தகராறு வந்தால் காரியக்காரரிடம்தான் போக வேண்டும். அந்த விவசாயியின் நிலவரியை வசூலித்தவரும் அதே காரியக்காரர். குற்றம் விசாரித்துத் தண்டித்தவரும் அவரே. திருவிதாங்கூர் நாடு மண்டபத்தும்வாதுக்கல் என்ற பிரிவுகளாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியக்காரர். அவர் அதிக வரி வாங்கிவிட்டார் என்று முறையிடப் போனாலும் பெரும்பாலும் அவர் வாசலில்தான் நிற்க வேண்டும்.

சாட்சியால் தீராத வழக்குக்குத் தெய்வம் சாட்சி. ஒழுக்கக்கேடு சுமத்தப்பட்ட நம்பூதிரி, சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கையை முக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி. இதற்குப் பெயர் கைமுக்கு.

அதே காலத்து இங்கிலாந்தில் வேறொரு சிந்தனை வேரூன்றியிருந்தது. மன்னர் நினைத்த மாத்திரத்தில் நீதிபதியை நீக்க முடியாது என்று 1701இல் அங்கே சட்டம் வந்தது. 1793இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், வங்காளத்தில் கலெக்டர்களிடமிருந்த நீதி அதிகாரத்தைப் பிரித்தார். வரி வாங்குபவர் வேறு, தீர்ப்பு எழுதுபவர் வேறு.

இந்த ஏற்பாடு பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரைக்கு வந்த வழி போர்வழி அல்ல, உடன்படிக்கை வழி. திப்பு சுல்தானின் படையெடுப்புக்குப் பிறகு, 1795இல் தர்மராஜா என்று அழைக்கப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார். பாதுகாப்புக்குப் படை கம்பெனியுடையது, செலவு திருவிதாங்கூருடையது. 1805இன் ஒப்பந்தம் அந்தத் தொகையை ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. உள்நாட்டு நிர்வாகத்திலும் கம்பெனியின் ஆலோசனையைக் கேட்கவேண்டிய நிலை வந்தது. அதில் கையெழுத்திட்ட, முதன்மை அமைச்சரான தளவாய் வேலுத்தம்பியே 1809இல் குண்டறையிலிருந்து கம்பெனிக்கு எதிராக மக்களை அழைத்தார். தோற்று, மண்ணடியில் உயிர் துறந்தார்.

அடுத்த ஆண்டு கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டாக வந்தவர் கர்னல் ஜான் மன்றோ. 1811இல் ராணி கௌரி லட்சுமிபாய் அவரையே திவானாகவும் நியமித்தார். காரியக்காரர்களிடமிருந்த நீதி அதிகாரத்தை மன்றோ பறித்தார். அவர்கள் வருவாய் வேலை மட்டும் பார்க்கும் தாசில்தார்களானார்கள். ஐந்து ஜில்லா கோர்ட்டுகள் அமைந்தன. பத்மநாபபுரத்தில் ஒன்று, திருவனந்தபுரத்தில் ஒன்று. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இவ்விரண்டுக்கும் நடுவே. நீதிபதிகளோடு தர்மசாத்திரம் சொல்ல ஒரு சாஸ்திரியும் அமர்ந்தார். மேலே அப்பீல் கோர்ட்.

காரியக்காரரின் அதிகாரத்தைப் பிரித்த மன்றோ, கம்பெனியின் பிரதிநிதி, நாட்டின் திவான் என்ற இரு பதவிகளையும் 1814வரை தாமே வைத்திருந்தார். திருவிதாங்கூர் மக்களுக்குக் கிடைத்தது ஆங்கிலேய நிர்வாகத்தின் ஒழுங்கு. அதைக் கேள்வி கேட்கும் உரிமை கிடைக்கவில்லை. ஒழுங்கின் நன்மையையும் உரிமையின் இன்மையையும் சேர்த்தே கணக்கில் வைக்க வேண்டும்.

1956 நவம்பர் 1இல் பழைய திருவிதாங்கூரின் தாலுகாக்களான கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்துக்கு வந்தன. பாறசாலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையின் இருபுறமும் இன்றைக்கும் வரிக்குத் தாசில்தார் வேறு, வழக்குக்கு நீதிபதி வேறு.