வெறுங்கை ஆட்டம்

சாப்ட்பால் எனப்படும் மென்பந்தாட்டம் வல்லுநர் கூடி வகுத்ததன்று. காத்திருந்த நண்பர்களின் கேலியில் பிறந்தது. 1887-ஆம் ஆண்டு நவம்பரில், நன்றி நவிலும் நாளன்று, சிகாகோவின் ஃபராகட் படகுக் கழகத்தில் யேல், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களின் பழைய மாணவர்கள் தத்தம் அணிகள் மோதிய அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் முடிவைத் தந்திவழி எதிர்நோக்கியிருந்தனர். யேல் வென்றது. களிப்பு மிகுதியால் ஒருவர் வீசிய குத்துச்சண்டைக் கையுறையை ஹார்வர்ட் அன்பர் கோலால் அடித்துத் திருப்பினார். உடனே ஜார்ஜ் ஹான்காக் என்பார் கையுறையைப் பந்தாக இறுக்கிக் கட்டினார், துடைப்பக்கட்டை மட்டையாயிற்று. தோற்றவரும் வென்றவரும் சேர்ந்தே ஆடினர்.

1895-இல் மினியாபொலிஸ் நகரத் தீயணைப்பு வீரர் லூயிஸ் ரோபர், மணியோசைக்குக் காத்துக் கிடக்கும் தம் தோழர்களுக்கென இத்தகையதோர் ஆட்டத்தை அமைத்தார். இங்கும் காத்திருப்பே காரணம்!

1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தோர் சிகாகோவில் இதனைத் தமதாக்கிக் கொண்டனர். அவர்தம் பந்தின் சுற்றளவு 16 அங்குலம். அதனை வெறுங்கையாலேயே பிடிக்கலாம். ஆதலால் கையுறை வாங்கக் காசில்லாதவனுக்கும் குழுவில் இடமிருந்தது. ஆனால் புதுப்பந்து கடினமானது. அடிபட்ட பின்னரே மென்மையுறும். அதற்குள் எத்தனையோ விரல்கள் முறிந்தன. வளைந்த விரலைப் பழைய ஆட்டக்காரர்கள் பெருமையுடன் காட்டுவர். பதக்கத்தினும் அது மேலானது என்பேன்.

1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பெரும்போட்டி நடந்தது. 1996-இல் மகளிர் மென்பந்து ஒலிம்பிக்கிலும் நுழைந்தது. ஒலிம்பிக்கில் சிறிய பந்தும் கையுறையுமே வழக்கம். சிகாகோப் பூங்காக்களிலோ அப்பெரிய பந்தை இன்றும் வெறுங்கையால் பிடிக்கின்றனர்.