கார்டு வரும் வரை: குருவிகுளத்திலிருந்து கல்லூரிக்கு

குருவிகுளம் ஓர் எல்லை ஊர். சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, கரிசல் காட்டுக்குள் இருக்கும் இந்தப் பழைய ஜமீன் ஊருக்குக் கிழக்கே தூத்துக்குடி மாவட்டம், வடக்கே விருதுநகர் மாவட்டம். 2019இல் தென்காசி மாவட்டம் பிறக்கும் வரை இது திருநெல்வேலியின் வடகோடி. பள்ளி முடித்து வெளியே போகும் பிள்ளைகளுக்கு இந்த இருப்பிடம் எப்போதுமே ஒரு கேள்வியைப் போட்டு வைத்திருக்கிறது: எந்தப் பக்கம் போவது? 1966 வரை பக்கத்தில் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் பட்டம் தருவது 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம்தான். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்து தென் மாவட்டக் கல்லூரிகளை எடுத்துக்கொண்டது. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அமைந்தபோது எல்லைக்கோடு இவ்வூருக்குப் பக்கத்திலேயே விழுந்தது. கோவில்பட்டி கோ. வெங்கடசாமி நாயுடு கல்லூரி நெல்லையின் இந்தப் புதிய பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி மதுரையிலேயே நின்றது. கோவில்பட்டியில் பி.எஸ்சி. முடித்து ராஜபாளையத்தில் எம்.எஸ்சி. சேர நினைப்பவர் டி.சி.யோடு இடப்பெயர்வுச் சான்றிதழும் வாங்க அலைய வேண்டும். இந்த ஊரில் நின்று கல்லூரிச் சேர்க்கையின் வரலாற்றைப் பார்த்தால், இடங்கள் எத்தனை என்ற கணக்குக்குப் பின்னால் இன்னொரு கணக்கு தெரிகிறது. மாணவர் முதலில் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு முடிவுக்குக் காத்திருந்தாரா, அல்லது எங்கெல்லாம் இடம் உண்டு என்று தெரிந்துகொண்டு பிறகு தேர்ந்தெடுத்தாரா? கிராமத்துப் பிள்ளையின் வாய்ப்பைக் கூட்டியதும் குறைத்ததும் பெரும்பாலும் இந்த வரிசைதான் என்பது என் முடிவு.

பழைய முறையில் ஒவ்வொரு கல்லூரியும் தனித் தீவு. விண்ணப்பத்துக்குத் தனியாக எழுதிப் போட வேண்டும், தனியாகப் பணம் கட்ட வேண்டும், பிறகு இன்டர்வியூ கார்டுக்குத் தபால்காரரைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். 1978இல் பிளஸ் டூ பள்ளிக்கு வரும் வரை இந்தக் காத்திருப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, பதினாறு வயதிலேயே தொடங்கிவிடும்; அப்போது பி.யு.சி. கல்லூரியில்தான் இருந்தது. இவ்வட்டாரத்துக்குக் கல்லூரி என்றால் நெடுங்காலம் பாளையங்கோட்டையும் திருநெல்வேலியும்தான்: 1878இல் கல்லூரியான தூய யோவான், 1923இல் தொடங்கிய தூய சவேரியார், பெண்களுக்கு 1895இலிருந்து சாராள் தக்கர். இதே ஒன்றியத்தின் கலிங்கப்பட்டியில் பிறந்த வைகோ தூய சவேரியாரிலும் பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். அப்படிப் போக முடிந்தவர்கள் கொஞ்சப் பேர். ஏனென்றால் காத்திருப்பதற்கே செலவு உண்டு. முதலில் கார்டு அனுப்பிய கல்லூரியில் பணத்தைக் கட்டி, டி.சி.யைக் கொடுத்துவிட்டால் கை கட்டப்பட்டுவிடும். பத்து நாள் கழித்து இன்னும் நல்ல கல்லூரி கூப்பிட்டால் கட்டிய பணத்தை விட்டுவிட்டுப் போகும் தெம்பு பருத்தி போட்டு மழையை நம்பி இருக்கும் வீட்டுக்கு ஏது? முதலில் கிடைத்ததே முடிவானது. அதைத் தேர்வு என்று சொல்வது பொருந்தாது.

மருத்துவப் படிப்பில் இந்த வரிசை உச்ச நீதிமன்றம் வரை போனது. 1960களின் நடுவில் மாநில அரசு மருத்துவ இடங்களை மாவட்டத்துக்கு இத்தனை என்று மக்கள்தொகைப்படி பிரித்தது. மாவட்டத்துப் பிள்ளை டாக்டராகித் தன் மாவட்டத்துக்கே திரும்புவார் என்பது அரசு சொன்ன காரணம். ராஜேந்திரன் வழக்கில் 1968இல் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஒரு மாவட்டத்தில் கூடுதல் தகுதி உள்ளவர் வெளியே நிற்க, இன்னொன்றில் குறைந்தவர் உள்ளே போக இது வழி செய்கிறது என்றது. அடுத்து 1970இல் வந்த ஏற்பாடுதான் என் வாதத்துக்கு முக்கியம். சென்னை நகரத்து மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து ஓர் அலகு, வெளியூர்க் கல்லூரி ஒவ்வொன்றும் தனித்தனி அலகு, ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வுக்குழு. வீட்டுக்குப் பக்கத்து அலகுக்கு விண்ணப்பிக்கும்படி அரசு அறிவுறுத்தியது. ஒருவர் ஓர் அலகில்தான் போட்டியிட முடியும். குருவிகுளத்து மாணவருக்கு அது 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. அங்கே எவ்வளவு பேர் முட்டி மோதுகிறார்கள், மதுரையில் எவ்வளவு என்பது எதுவும் தெரியாமல் விண்ணப்பத்தில் ஓர் ஊரை எழுத வேண்டும். அதோடு மொத்த 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத்துக்கு. விளையாட்டு அல்லது என்.சி.சி., உடல் உறுதி, பொதுத் திறன், நாட்டம் என்று தலைப்புகள் போட்டு அந்த 75ஐப் பிரித்திருந்தார்கள். என்.சி.சி.யே இல்லாத பள்ளியில் படித்தவர் அந்தத் தலைப்பின் கீழ் எதைக் காட்டுவார்? பெரியகருப்பன் வழக்கில் அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அலகுவாரித் தேர்வு செல்லாது என்றது. நேர்முகத்துக்கு 75 மதிப்பெண் அளவுக்கு மீறியது என்றும் சுட்டியது.

இதை மறுத்து ஒரு வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. மாவட்ட ஒதுக்கீடும் அலகு முறையும் பின்தங்கிய பகுதிகளுக்குக் கவசமாக இருந்தன. நகரத்தில் வெட்டு மதிப்பெண் உயர்ந்து நின்றபோது வெளியூர் அலகில் குறைந்த மதிப்பெண்ணுக்கும் இடம் கிடைத்தது. நீதிமன்றம் அந்தக் கவசத்தைக் கழற்றிவிட்டது என்பார்கள். பிற்பாடு ஊரகப் பள்ளி மாணவர்க்கெனக் கொண்டுவந்த ஒதுக்கீடும் 2001இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. கரிசல் கிராமத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. இடங்களில் ஒரு பங்கைக் கிராமத்துக்கென எடுத்து வைக்கலாம். அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் வந்த 7.5 விழுக்காடு அப்படிப்பட்டது; அதைப் பெறும் மாணவர் எந்தக் கல்லூரியையும் கண்ணைத் திறந்துகொண்டு தேர்ந்தெடுக்கலாம். 1970இன் அலகு முறையோ இருட்டில் கல்லெறியச் சொன்னது. கல் எங்கே விழும் என்று ஓரளவாவது கணிக்க ஆள் பழக்கம் வேண்டும். அது நகரத்தில் இருந்தது, குருவிகுளத்தில் இல்லை.

வரிசை தலைகீழாக மாறியது பொறியியலில். 1984இல் தொடங்கி 2006 வரை நடந்த நுழைவுத்தேர்வு 300க்கு 100 மதிப்பெண்ணைப் பயிற்சி நிலையம் இருக்கும் ஊர்களுக்குச் சாதகமாக்கியது என்பது உண்மை. அந்தக் காலத்திலேயே, 1990களின் பிற்பகுதியில், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வும் வந்துவிட்டது. 1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மு. ஆனந்தகிருஷ்ணனை இதற்கு வித்திட்டவராகச் சொல்வார்கள். நுழைவுத்தேர்வை எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்த குழுவுக்கும் அவரே தலைவர். சங்கரன்கோவிலில் ரயில் ஏறிச் சென்னையில் இறங்கி, கிண்டி வளாகத்துக்குள் போனால் பெரிய திரை. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த இனத்தில் எத்தனை இடம் மீதி என்று எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் எடுத்ததும் ஓர் எண் குறையும். அப்பாவும் பிள்ளையும் அந்த எண்களைப் பார்த்துக் கையிலிருக்கும் தாளில் அடித்துக்கொண்டே வருவார்கள். தரவரிசைப்படி தன் முறை வந்தபோது மாணவர் முன்னால் இருந்தது மீதமுள்ள இடங்களின் முழுப் பட்டியல். கேட்டால் தருவார்களா என்ற பயம் இல்லை. இதே முடிச்சை 1962இல் அமெரிக்கக் கணித அறிஞர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும் ஒரு சிறு கட்டுரையில் எடுத்து அவிழ்த்தார்கள்: கூப்பிட்டவர் வருவாரா என்று கல்லூரிக்குத் தெரியாது, இன்னொரு கல்லூரி கூப்பிடுமா என்று மாணவருக்குத் தெரியாது, ஆகவே யாரையும் உடனே உறுதி செய்யாமல் பட்டியலில் நிறுத்தி வைத்து, எல்லாம் முடிந்தபின் உறுதி செய்க என்பது அவர்கள் காட்டிய வழி. அந்தத் துறைப் பணிக்காக ஷேப்லி 2012இல் பொருளியல் நோபல் பெற்றார்.

சென்னை வரை போய் வரும் செலவும் அலைச்சலும் கொஞ்சமா என்று கேட்கலாம். பேருந்தில் பாதிக் கட்டணச் சலுகை இருந்தும் அது கொஞ்சமில்லைதான். ஆனாலும் ஐந்து கல்லூரிக்கு ஐந்து பயணம் ஒரே பயணமானது. 2018இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியபின் அதுவும் நின்றது. இன்னொரு மறுப்பு கனமானது: பட்டியலில் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் இருந்தென்ன, பாதி காலியாகக் கிடக்கும் கல்லூரிகளுக்குள் தேர்ந்தெடுப்பது தேர்வா? கல்லூரியின் தரத்தைக் கலந்தாய்வு உயர்த்தாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எது காலியாகக் கிடக்கிறது என்பது ஊருக்கே வெளிச்சமானது கலந்தாய்வால்தான். தனித்தனியாகச் சேர்த்த காலத்தில் ‘இன்னும் ரெண்டு சீட்டுதான் இருக்கு, இன்றைக்கே கட்டிடுங்க’ என்ற பேச்சை யார் சரிபார்க்க முடிந்தது?

கையைக் கட்டும் கயிறுகளும் ஒவ்வொன்றாகத் தளர்ந்து வந்திருக்கின்றன. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது, விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் விதி வகுத்தது. 2022 முதல் பொறியியல் மாணவர் கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டபடியே மேலான இடத்துக்குக் காத்திருக்கலாம். பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்கும் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி வழியாக ஒரே கலந்தாய்வு நடக்கிறது. இத்தனையும் தொழிற்படிப்புக்கு. குருவிகுளம் ஒன்றியத்தில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் பலர் நாடுவது பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 2020 முதல் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கலந்தாய்வு மட்டும் அந்தந்தக் கல்லூரியில். அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கு அந்தப் பொது விண்ணப்பமும் இல்லை. கோவில்பட்டிக்கு ஒரு விண்ணப்பம், ராஜபாளையத்துக்கு ஒன்று, மேலநீலிதநல்லூர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரிக்கு இன்னொன்று. ஆசிரியர் சம்பளம் அரசுப் பணத்தில் போகும் இந்த மூன்று கல்லூரிகளின் இடங்களையும் ஒரே திரையில் காட்டக் கிண்டியில் கால் நூற்றாண்டாகப் பழகிய முறையே போதும். அது வராதவரை, மே மாதத்து வெயிலில் முதலில் கூப்பிட்ட கல்லூரிக்கு டி.சி.யை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவதுதான் இங்கே இன்னும் வழக்கம்.